திக்லிபூரிலிருந்து ஒருவர்

என் வீட்டுக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் ஒரு காதல் வந்தது. கைபேசிமேல். பொறாமைப்பட்டு என்ன செய்ய? காலையில் எழுந்ததும் முருகன் படத்தில் கண் விழிக்கிற மனிதர், இப்போது நேற்றுப் போட்ட ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதில்தான் கண் விழிக்கிறார். எண்ணிக்கை கூடியிருந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல வார்த்தை கிடைக்கும். குறைந்திருந்தால் சாம்பாரில் உப்பு தூக்கலாகிவிடும்.

எங்களுக்கு போர்ட் பிளேயர் அபர்டீன் பஜாரில் ஒரு புடவைக் கடை. வீடு மரைன் ஹில்லில். அவர் பெயர் சுந்தரம், இந்தத் தீவிலேயே பிறந்தவர். நான் கமலாட்சி, பரமக்குடியில் கழுத்தை நீட்டிவிட்டு, கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள்.

அந்தக் காலத்தில் எங்கள் கடைக்கு விளம்பரம் என்றால் அது கப்பல்தான். எங்கள் அடுக்களை ஜன்னலில் நின்றால் சென்னைக் கப்பல் துறைமுகத்துக்குள் திரும்புவது தெரியும். சங்கு ஊதிவிட்டால் போதும், தட்டில் பாதி தோசையை விட்டுவிட்டு ஓடுவார். சரக்கு கடைக்கு வந்ததும் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் 'ஜஹாஸ் கா மால் ஆ கயா' என்று இந்தியில் எழுதி வாசலில் சாய்த்து வைப்பார். கப்பல் சரக்கு வந்தாச்சு, அவ்வளவுதான் விஷயம். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நாங்களும் சேர்ந்து வாழ்கிற ஊரில் அந்த ஒரு வரி எல்லோருக்கும் போதுமானது. சாயங்காலத்துக்குள் கடையில் நிற்க இடம் இருக்காது. நான் தூசியும் வேர்வையுமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று புடவை மடிப்பேன். அந்தப் புதுத் துணி வாசனையும் அதில் ஒட்டிவந்த கப்பல் அறையின் வாசனையும் எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது திக்லிபூர் மூட்டையைப் பற்றி.

திக்லிபூர் எங்கள் தீவுக்கூட்டத்தின் வடக்குக் கோடியில் இருக்கிறது. விடிவதற்கு முன் பஸ் ஏறினால், காட்டைக் கடந்து, ஃபெர்ரியில் பஸ்ஸோடு ஏறி இறங்கி, பொழுது சாயும்போதுதான் போய்ச் சேர முடியும். அந்தப் பஸ்ஸை ஓட்டுகிற ராஜவேல் எங்கள் பரமக்குடிப் பக்கத்துக்காரர், குடியிருப்பது திக்லிபூரில். என் மகள் கார்த்திகா பிறந்த வருசம் அவர்தான் கடைக்கு வந்து கேட்டார். "எங்க ஊருப் பொம்பளைங்க ஒரு புடவை எடுக்க ரெண்டு நாள் அலையணும்மா. ஒரு மூட்டையாக் கட்டிக் குடுங்க, நான் கொண்டுபோய்க் காட்டுறேன்." அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த சொர்ணம்மாவிடம் மூட்டையைக் கொடுத்தார். அன்றிலிருந்து அது நடந்தது.

ஒரு மாதிரிக்கு ஒரு புடவைதான் அனுப்புவேன். சொர்ணம்மா அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டுவாள். பிடித்தவர்கள் முந்தானைக் குஞ்சத்தில் ஆளுக்கொரு நூலை முடிந்துவிடுவார்கள். அது யார் சொல்லிக்கொடுத்து ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. ஸ்வப்னாவுக்கு நீல நூல். ஒச்சம்மாவுக்கு மஞ்சளில் நனைத்த நூல். சொர்ணம்மாவுக்குப் பச்சை. ஒரு புடவையில் ஐந்து முடிச்சு வந்தால் அதே மாதிரியில் ஐந்து புடவை அடுத்த பஸ்ஸில் போகும். முடிச்சே இல்லாமல் திரும்புகிற புடவையைப் பார்த்து இவர் சென்னை வியாபாரியைத் திட்டுவார்.

அந்த மூட்டை திரும்பி வருகிற நாள் எனக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது போல இருக்கும். உள்ளே ஒரு கைப்பிடி பாக்கு இருக்கும், சில சமயம் நாலு எலுமிச்சம்பழம். நானும் சும்மா அனுப்ப மாட்டேன், மூட்டைக்குள் கொஞ்சம் வடகம், ஒரு பொட்டலம் குங்குமம் வைப்பேன். முடிச்சுகளைப் பார்த்தே எனக்குச் சேதி தெரிந்துவிடும். புது நிறத்தில் ஒரு முடிச்சு வந்தால் தெருவுக்கு மருமகள் வந்திருக்கிறாள். பழக்கமான நிறம் வராவிட்டால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை. அப்படித்தான் ஒரு தடவை மஞ்சள் நூல் வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. போன் போட்டுக் கேட்டேன். ஒச்சம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சொர்ணம்மா சொன்னாள். ஒரு நாள்கூடப் பார்த்திராத பெண்ணுக்காக அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து அழுதேன்.

சொர்ணம்மாவையும் நான் பார்த்ததில்லை. போனில் நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். யார் மூத்தவள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதே கிடையாது.

முடிச்சு விழுந்த மாதிரிப் புடவைகளை விற்க முடியாது. அதனால் அவை எல்லாம் எனக்குத்தான். என் பீரோவைத் திறந்தால் முந்தானை முந்தானையாகத் திக்லிபூர்த் தெரு தொங்கும். நூல்களை நான் வெட்டியதே இல்லை.

பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது. அதற்கு முன்னால் இங்கே இன்டர்நெட் என்பது ஒரு வேண்டுதல் மாதிரி. ஒரு படத்தைத் திறந்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு வந்து பார்த்தால் தலை மட்டும் வந்திருக்கும். கேபிள் வந்தபிறகு ஊரே தலைகுனிந்துவிட்டது. எல்லோர் கையிலும் போன். லீவில் வந்த கார்த்திகா அப்பாவுக்கு வாட்ஸப்பில் கடையைத் திறந்து கொடுத்தாள், ஃபேஸ்புக்கில் பக்கம் போட்டுக் கொடுத்தாள், லைவ் எப்படிப் போவது என்று காட்டிவிட்டு சென்னைக்குப் போய்விட்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

முன்பெல்லாம் 'சும்மா பாக்கத்தான் வந்தேன்' என்று சொல்கிற வாடிக்கையாளருக்கு இரண்டாவது புடவையை விரிக்கவே யோசிக்கிற ஆள் இவர். லைவ் வந்ததும் மீசைக்கு மை என்ன, முகத்துக்குப் பவுடர் என்ன! வட்டமாக எரிகிற ஒரு விளக்கை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, "வணக்கம் மக்களே! நமஸ்தே தோஸ்தோ!" என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்துவிடுவார். புடவையைத் தோளில் போட்டுக் காட்ட நான் நிற்க வேண்டும். கடையில் ஒரு பொம்மை இருக்கிறது. ஆனால் அது திரும்பி நிற்காது.

பொய் சொல்லக் கூடாது, வியாபாரம் கூடியது. ஊருக்கு வெளியே பத்துபஸ்தியில் இருப்பவர்கள்கூட கடைக்கு வராமலே வாங்கினார்கள். எந்தப் புடவை எத்தனை பேர் கண்ணில் பட்டது, யார் பார்த்தார்கள், யார் தாண்டிப் போனார்கள் என்று எல்லாம் அந்தப் போன் சொன்னது. கரும்பலகை சாமான் அறைக்குப் போனது. இவர் மெதுவாக மூட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். படம் அனுப்பினால் ஆச்சு, எதற்கு மூட்டை, எதற்கு பஸ் என்று. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தீபாவளிச் சரக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. அன்றைக்கு நான் அந்தப் பழைய அரக்குப் புடவையைக் கட்டியிருந்தேன். தெருவே ஆசைப்பட்ட புடவை அது. முந்தானை முழுக்க முடிச்சு.

"அந்த நூலையெல்லாம் வெட்டிடு கமலா. கேமராவுல கந்தல் மாதிரி தெரியுது" என்றார்.

"வெட்ட மாட்டேன்."

"கபி சுன்தி ஹி நஹி!" என்று இந்தியில் அலுத்துக்கொண்டார். நான் எப்போதும் சொல்பேச்சு கேட்பதில்லையாம். கோபம் வந்தால் இவருக்கு இந்திதான் வரும்.

லைவ் ஆரம்பித்தது. யார் யார் வருகிறார்கள் என்று திரையில் பெயர் ஓடியது. ஒவ்வொரு பெயரையும் வாசித்து வரவேற்றார். சொர்ணம்மாவின் பெயரும் வந்தது. எனக்கு மனசுக்குள் சிரிப்பு. அப்போதுதான் இவர் உற்சாகத்தில் அந்த வார்த்தையை விட்டார்.

"பாருங்க, திக்லிபூர்லருந்து ஒரே ஒருத்தங்கதான் பாக்குறாங்க. நாங்க இத்தனை வருசமா அந்த ஒருத்தங்களுக்காக பஸ்ஸுல மூட்டை அனுப்பிக்கிட்டு இருக்கோம்! இனிமே அதெல்லாம் பந்த். எல்லாம் போன்லதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அவர் அடுத்த புடவையைப் பிரித்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அன்றைக்கே போன் போட்டேன், சொர்ணம்மா எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் எடுத்தாள்.

"வேலையா இருந்தேங்க்கா."

"மூட்டை கட்டி வச்சிருக்கேன். நாளைக்கு ராஜவேல் அண்ணன்கிட்ட குடுத்து விடவா?"

"ஒருத்திக்காக எதுக்குக்கா மூட்டை? அண்ணன் சொல்லுறது நாயந்தான? எத்தனையோ ஆப்பு இருக்கு, அதுல வாங்கிக்கிறோம். வைக்கட்டுங்களா?"

வைத்துவிட்டாள். அந்த ஆப்புகளின் லட்சணம் எனக்குத் தெரியாதா? எங்கள் பின்கோடைப் போட்டால் 'இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது' என்று சிவப்பு எழுத்தில் வரும். அவள் வாங்கப்போவதில்லை. எங்களோடு பேசப்போவதில்லை, அதுதான் சேதி. இந்தத் தீவில் எனக்கு அக்கா தங்கை கிடையாது. பிறந்த வீடு கடலுக்கு அந்தப் பக்கம். அந்த மூட்டைதான் எனக்கு இருந்த உறவு, அதை இவர் வட்ட விளக்குக்கு முன்னால் நின்று அறுத்துவிட்டார்.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டார். "ஒண்ணுன்னா ஒண்ணுதானே? போன் பொய் சொல்லுமா?"

"நான் திக்லிபூர் போறேன்."

"எதுக்கு?"

"அந்த ஒருத்தரைப் பாக்க."

ராஜவேல் எனக்கு முன்சீட்டு கொடுத்தார். "இத்தனை வருசமா மூட்டைதான் வரும். இன்னைக்கு மூட்டைக்காரம்மாவே வந்துட்டாங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிச் சிரித்தார். மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டியிருந்தது அதே அரக்குப் புடவைதான். வேண்டுமென்றே கட்டவில்லை, வேறு எதிலும் கை போகவில்லை. வழி நெடுகக் காடு. இந்தக் காட்டைத் தாண்டித்தான் என் வடகமும் அவள் பாக்கும் இத்தனை காலம் போய் வந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

சொர்ணம்மாவை நெடுநெடுவென்று ஒல்லியாக நினைத்து வைத்திருந்தேன். வாசலுக்கு வந்தவள் குட்டையாக, உருண்டையாக இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, முந்தானையைத்தான் பார்த்தாள். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

"வாங்கக்கா. உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தாள்.

தெருவுக்குச் சேதி எப்படிப் போனதோ, ஒவ்வொருவராக வந்து கூடத்தில் நின்றார்கள். முதலில் வாயைத் திறந்தது நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒரு வங்காளிப் பெண். "ஹம் லோக் ஸப் மிலாகே ஏக் ஆத்மி, தீதி?" என்றாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு ஆளா அக்கா என்று கேட்கிறாள். குரலை வைத்தே ஸ்வப்னா என்று கண்டுகொண்டேன். சொர்ணம்மாவின் போனில் பின்னாலிருந்து எத்தனையோ தடவை கேட்ட குரல்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொர்ணம்மா மேற்குச் சுவரைக் காட்டினாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி, அதன்மேல் ஒரு அரிசிப் படி.

"இந்தத் தெருவுல சிக்னலு இங்கன மட்டுந்தான்க்கா நிக்கும். போனை அந்தப் படியில சாச்சு வச்சிருவேன். உங்க லைவு நாளுன்னா வேலைய முடிச்சிட்டு எல்லாரும் வந்துருவாக. பொரி கடலையெல்லாம் கொண்டாருவாக. கூடம் பத்தாம வாசப்படி வரைக்கும் உக்காந்திருப்போம். அன்னைக்கு நீங்க இந்தச் சேலையில வந்து நின்னதும் ஒரே கூப்பாடு. 'ஏ, அது நம்ம முடிச்சு, நம்ம முடிச்சு'ன்னு. நூல வெட்டாம வச்சிருக்கீக பாருங்க, அதுக்கு. முந்தானையக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கன்னு அம்புட்டுப் பேரும் போனப் பாத்துக் கத்துறோம். அப்பத்தான் அண்ணன் அந்தப் பேச்சப் பேசுனாரு."

அவள் படியை நேராக நகர்த்தி வைத்தாள். "எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாக. பொரி அப்படியே கெடந்துச்சு."

மன்னிப்புக் கேட்கத்தான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் முந்தானையை இழுத்து மடியில் விரித்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

அப்புறம் ஸ்வப்னா கீழே உட்கார்ந்தாள். ஒவ்வொரு நூலாக விரலால் தள்ளிக்கொண்டே போய், தன் நீல நூலைப் பிடித்ததும் "மேரா!" என்றாள். அவ்வளவு நேரம் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அதற்குப் பிறகு என் மடியில் எத்தனை தலைகள் என்று சொல்ல முடியாது. இது என்னுடையது, இது என் மாமியாருடையது, இது எனக்குக் கல்யாணமாகி வந்த புதுசில் போட்டது என்று ஒரே சண்டை. தலையில் வைத்த தேங்காயெண்ணெய் வாசனையும் வெற்றிலைப் பாக்கு வாசனையும் மேலே கவிந்தன. மூட்டையைத் திறந்தால் வருமே, அதே வாசனை.

ஓரத்தில் நின்ற ஒரு இளம்பெண் கடைசியாக வந்தாள். "மஞ்சள் இருக்காக்கா?" என்று கேட்டாள். ஒச்சம்மாவின் மகள் அகிலா. நான் எடுத்துக் காட்டினேன். மஞ்சள் வெளுத்துப்போய், ஆனால் முடிச்சு இறுக்கமாகவே இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நானும் அழுதேன், மறைக்கவில்லை.

சொர்ணம்மா எழுந்து உள்ளே போய் நூல் டப்பாவைக் கொண்டு வந்தாள். "மூட்டைய அவுருங்கக்கா" என்றாள். புதுச் சரக்கை விரித்தோம். அகிலா ஒரு ஊதாப் புடவையை எடுத்து, டப்பாவிலிருந்து ஒரு நூலை இழுத்து, அடுக்களைக்குப் போய் மஞ்சளில் நனைத்துக்கொண்டு வந்து முடிந்தாள்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். எப்போதும் நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவர், அன்றைக்கு 'உம்' என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வரை இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொர்ணம்மா போனைப் பிடுங்கி அவருக்கு உத்தரவு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்தாயிற்று. பொரி வந்தது. போன் அரிசிப் படியில் சாய்ந்தது. நான் ஸ்வப்னாவுக்கும் அகிலாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். திரையில் வட்ட விளக்கும் இவர் முகமும் வந்தன. நான் இல்லாததால் புடவையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றார் மனிதர். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. சரக்கு வந்த நாளில் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாரே, அந்த ஆள் மாதிரியே இருந்தார்.

அவர் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். "சொர்ணம்மா..." என்று வாசித்தவர் நின்றார். பிறகு தோளில் கிடந்த புடவையைச் சரிசெய்துகொண்டு, கேமராவுக்கு நேரே இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார்.

"திக்லிபூர்ல எல்லாரும் உக்காந்தாச்சா? வாசப்படியில இருக்கவங்களுக்குத் தெரியுதா?" என்றார். "போன வாரம் நான் தப்பாப் பேசிட்டேன். மாஃப் கர்னா. மூட்டை எப்பவும் போல வரும். இந்தப் புடவை முந்தானையையும் திருப்பிக் காட்டுறேன், பாத்துக்கங்க."

இங்கே போட்ட கூச்சலில் அடுத்து அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கும் எங்கள் சத்தம் கேட்காது. முந்தானையைத் திருப்பிக் காட்டிவிட்டு, திரையில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்து பார்த்தார். சொர்ணம்மா என் கட்டைவிரலைப் பிடித்து போனில் இருந்த இதயக் குறியை அழுத்தினாள். சின்னதாக ஒரு சிவப்பு மேலே மிதந்து போனது. அவர் அதைப் பார்த்துவிட்டார். "சாப்பிட்டியா கமலா?" என்று ஊரறிய லைவில் கேட்டார்.

திரையின் மூலையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நாங்கள் இத்தனை பேரும் ஒன்றுதான். அந்த ஒன்றுக்குள் நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன்.